சிலேட்டின் நித்திரை

ஒரு புத்தகத்துக்கு நித்திரை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடதாசிப் புத்தகம் நித்திரை கொள்வதில்லை. மூடினால் மூடிக் கிடக்கும். திறந்தால் திறந்த பக்கத்தைக் காட்டும். அதை யாரும் எழுப்பத் தேவையில்லை. ஆனால் என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய மின்வாசிப்புக் கருவி நித்திரை கொள்ளும். சும்மா கிடந்தால், பற்றரியை மிச்சம் பிடிப்பதற்காகத் தானே அடங்கும். பொத்தானை அழுத்தினால் விழிக்கும். பெட்டிக்குள் இருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. நடந்தது வேறு. அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, வசனத்தின் நடுவில், அது நித்திரைக்குப் போனது. பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் விழித்து, ஆளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் படுத்தது.

நித்திரையில் இருக்கும்போது திரையில் ஒரு படம் நிற்கும். வெள்ளைக் கோப்பையில் தேநீர், அதற்கு மேலே மூன்று கோடாக ஆவி. என்னை அவ்வளவு அருவருக்க வைத்த படம் வேறில்லை. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிலீற்றர் தண்ணீர், கறியில் இருப்பதையும் சேர்த்து. அதற்கு மேல் ஒரு மிடறும் ஆகாது. தேநீர் ஆசையை அடக்க ஐஸ் துண்டொன்றை நாக்கில் வைத்துக்கொண்டு படுத்திருப்பவளின் முகத்துக்கு நேரே திரும்பத் திரும்ப அந்தக் கோப்பையை நீட்டியது அந்தக் கருவி.

"எனக்கு நக்கலடிக்குது," என்று மட்டும் சொல்வாள். கோபப்படுகிற வேலையை என்னிடம் விட்டிருந்தாள்.

அவள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. கருவி சாம்பல் நிறத்தில், கையளவில், சுற்றிலும் சட்டம் போட்டது போல இருந்ததால் பெட்டியைத் திறந்த அன்றே அதற்குச் சிலேட்டு என்று பெயர் வைத்தாள். வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை.

கிழமையில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே அனுப்புகிற மெஷினோடு அவளை நான்கு மணித்தியாலம் கட்டிவைப்பார்கள். இடது முன்கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஒரு வண்டு சுற்றுவது போல அதிரும். இரண்டு ஊசியும் அந்தக் கையில்தான். நான்கு மணித்தியாலமும் அந்தக் கை அசையக்கூடாது. காப்பு, மணிக்கூடு, இறுக்கமான சட்டைக்கை எதுவும் அந்தப் பக்கம் கூடாது. மிச்சம் இருப்பது வலது கை.

ஒரு கையால் கடதாசிப் புத்தகம் வாசித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அவள் நூலகப் புத்தகத்தை வயிற்றில் சாய்த்து, மோவாயால் பக்கத்தைத் தள்ளித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் புத்தகம் கட்டிலுக்குக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மணிக்கூட்டைப் பார்ப்பவர்களுக்கு நான்கு மணித்தியாலம் முடிவதே இல்லை. மூன்றாவது மணித்தியாலம் முடிகிறபோது தாதி மிஸியைக் கூப்பிட்டு, கை நோகிறது, கழற்றிவிடுங்கள் என்பாள். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவாள். இப்படிப் பல தரம்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். சின்ன வயது, களைத்த முகம்.

"ஒரு மணித்தியாலத்தை விட்டிட்டுப் போறா. அந்தத் தண்ணி எங்க போகுமெண்டு நினைக்கிறீங்கள்?" என்று கேட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இஞ்சதான். அவவை நாலு மணித்தியாலமும் படுத்திருக்க வையுங்கோ. மருந்தெல்லாம் அதுக்குப் பிறகு."

கனடாத் தம்பிக்கு அதைச் சொன்னேன். மூன்று கிழமையில் சிலேட்டு வந்தது. வலது கையால் பிடித்து, அதே கையின் பெருவிரலால் ஓரத்தைத் தொட்டால் பக்கம் திரும்பும். அவள் துப்பறியும் கதை ஒன்றைத் தொடங்கினாள். ஐந்து கிழமை, பதினைந்து தரம், ஒரு தரமும் மூன்றாவது மணித்தியாலத்தில் வெளியே வரவில்லை. கால் வீக்கம் வற்றியது. செருப்பு வார் பழைய துளைக்கு வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வருகிற மனிதர் ஒருவர். அறுபது வயதிருக்கும், வள்ளம் வைத்திருந்தவர். வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு அத்தியாயம் முடிகிறபோதும் அவள் அவருக்குக் கதையைச் சுருக்கிச் சொல்லவேண்டும். இது எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மெஷினில் போடும்போதும் கழற்றும்போதும் மட்டும்தான் என்னை உள்ளே விடுவார்கள். மிச்ச நேரம் வெளியே சுவரோரம் போட்ட மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவளைக் கூட்டிவரப் போனபோது அவர் தலையணையில் ஒருக்களித்து வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்த டாக்டர் பொம்புள பொய் சொல்றா. எனக்கு வெளங்கிட்டு."

"இன்னும் ஒம்பது அத்தியாயம் கிடக்கு. பொறுங்கோ."

"பொறுக்காம எங்க ஓடுற? ஊசியக் குத்திக் கட்டிப்போட்டிரிக்கானுகள்."

ஆறாவது கிழமையில் சிலேட்டு படுக்கத் தொடங்கியது.

நான் துறைமுகத்தில் கப்பல் வருகைப் பதிவேடு எழுதுகிறவன். இருபத்தாறு வருடமாக வந்த நேரம், போன நேரம், காற்றின் திசை, நங்கூரம் போட்ட இடம் எல்லாவற்றையும் எழுதிவருகிறேன். வீட்டிலும் நாட்குறிப்பு உண்டு. ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு பொருள் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் அது எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்யவில்லை என்று எழுதிப் பார்த்தால் காரணம் தானாக வெளியே வரும் என்பது என் நம்பிக்கை. ஆகவே நாட்குறிப்பின் பின்பக்கங்களில் கோடு போட்டுச் சிலேட்டுக்கு ஒரு பதிவேடு திறந்தேன். திகதி, படுத்த நேரம், பற்றரி எத்தனை வீதம், உறை போட்டதா போடாததா, அறையின் குளிர், பிடித்த கை.

வெளியே வந்ததும் அவளை ஓட்டோவில் இருத்திவிட்டு விசாரிப்பேன்.

"எத்தினை தரம் படுத்தது?"

"எண்ணேல்லை."

"அண்ணளவா?"

"பத்துப் பதினைஞ்சு."

"எந்தக் கையால பிடிச்சிருந்தனீர்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மற்றக் கையில ரெண்டு ஊசி கிடக்கு."

பிடித்த கை: வலது, என்று எழுதினேன்.

இரண்டு கிழமையில் பதிவேட்டிலிருந்து ஒரு உண்மை தெரிந்தது. வீட்டில் சிலேட்டு படுப்பதில்லை. வீட்டில் அவள் அதைத் தலையணையில் சாய்த்தோ மேசையில் வைத்தோ வாசிப்பாள். இரண்டு மணித்தியாலம் வாசித்தாலும் விழித்திருக்கும். ஆஸ்பத்திரியில்தான் படுக்கிறது. அப்படியென்றால் காரணம் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். மெஷினின் மின்சாரமாக இருக்கலாம். குளிராக இருக்கலாம். நான் அங்கே சுவரையும் வயர்களையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மிஸி, "என்ன ஐயா, பெயின்ற் அடிக்கப் போறீங்களோ?" என்று கேட்டா.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அத்தான், ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தீங்களோ?"

இந்தக் கேள்வியை உலகத்தில் முதன்முதலாகக் கேட்டவனைப் பிடித்துக் கடலில் தள்ளவேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். பாத்தனான் என்றேன்.

"தானாப் படுக்கிறதை செற்றிங்கில நிப்பாட்டினீங்களோ?"

"நிப்பாட்டியும் படுக்குது."

"அப்ப உறையைக் கழட்டுங்கோ. உறைக்குள்ள ஒரு காந்தம் கிடக்கு. உறையை மூடினா காந்தம் கிட்ட வரும், சாமான் படுக்கும். திறந்தா எழும்பும். அந்தக் காந்தம் இடம் மாறியிருக்கும்."

உறையைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். பதிவேட்டில் தனி வரியாக, கீழே கோடிட்டு எழுதினேன்: காந்தம் நீக்கப்பட்டது. அந்த வரி இப்போதும் இருக்கிறது. என் கையெழுத்து. அழகான கையெழுத்து.

அடுத்த முறையும் படுத்தது.

கருவி செய்தவர்களின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டேன். இயந்திரமோ மனிதரோ, ஒன்று பதில் சொன்னது. என் பொறுமைக்கு நன்றி சொன்னது. நான் பொறுமையாக இல்லை என்று எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோகச் சொன்னது. செய்தேன். அவள் எந்தப் பக்கத்தில் நின்றாள் என்பது அழிந்தது. கதையின் ஓரத்தில் பெருவிரலால் தட்டித் தட்டி அவள் எழுதிவைத்திருந்த சிறு குறிப்புகளும், யார்மேல் சந்தேகம், எந்த நேரம் பொருந்தவில்லை என்றெல்லாம், அழிந்தன. இது நடக்கும் என்று அந்த உதவிப் பக்கம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் அவளிடம் கேட்காமல் செய்துவிட்டேன்.

அவள் சிலேட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"செத்தவை எல்லாரும் திரும்ப உயிரோட வந்திட்டினம்," என்றாள்.

பிறகு பிரதான வீதியில் தொலைபேசி திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். தலைமயிர் உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி, ஓரத்தில் மெல்லிய தகட்டைச் செருகி, சிப்பியைப் பிளப்பது போலப் பிளந்தார். உள்ளே பார்த்தார். ஊதினார். பல் துலக்குகிற பிறஷ்ஷால் பொத்தானின் அடியைத் தேய்த்தார்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லை ஐயா. உப்புக்காத்து."

திருகோணமலையில் எந்தச் சாமான் பழுதானாலும் திருத்துகிறவர்கள் சொல்கிற காரணம் உப்புக்காற்று. விசிறிக்கும் அதுதான், பல்லுக்கும் அதுதான். அவர் திரும்ப ஒட்டித் தந்த சிலேட்டு முன்பு போலவே ஆஸ்பத்திரியில் படுத்தது. வந்த புது வித்தியாசம் ஒன்று: பொத்தான் இப்போது வீட்டிலும் சரியாக வேலை செய்யவில்லை. நான்கு தரம் அழுத்தினால் ஒரு தரம் பிடித்தது.

இதற்கிடையில் அவள் மறுபடி மூன்றாவது மணித்தியாலத்தில் வெளியே வரத் தொடங்கியிருந்தாள். நான் வாங்கில் இருப்பேன். பத்தரைக்குக் கதவு திறந்தால் எழுந்து நிற்பேன். அவளாக இருக்கக்கூடாது என்று நினைப்பேன். அவளாகத்தான் இருப்பாள், பஞ்சை அமத்திப் பிடித்துக்கொண்டு.

"என்னால ஏலாது," என்பாள். "நாலு வரி வாசிக்கிறன், தேத்தண்ணி வருது. கையைத் தூக்கி, கீழ வச்சு, அமத்தி, எழுப்பி, திரும்பத் தூக்க, திரும்பப் படுக்குது. அதோட சண்டை பிடிக்கிறதிலும் பாக்க வீட்டை வந்து படுக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவள் எல்லா உண்மையையும் சொல்லிவிட்டாள். கீழே வைத்தால் விழிக்கிறது, கையில் எடுத்தால் படுக்கிறது. ஒரு ஆளுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வது? நான் அதையும் பதிவேட்டில் எழுதினேன். அசைவினால் இருக்கலாம் என்று பக்கத்தில் குறிப்பும் போட்டேன்.

அந்தக் கிழமைகளில் ஒரு நாள் காலை அவளுக்கு மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, கதைக்க முடியாமல் கையைக் காட்டினாள். இரண்டு நாள் ஒட்சிசனில் வைத்திருந்தார்கள். டொக்டர் வந்து பார்த்தார். தன் நெஞ்சை மட்டும் ஒரு தரம் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

இனி நான் இவ்வளவு நேரமும் எழுதாமல் விட்டதை எழுதவேண்டும். நாட்குறிப்பிலும் அதை எழுதவில்லை.

சிலேட்டு வந்து ஐந்தாவது கிழமை முடிகிறபோது, நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த விற்பனைக் காட்சிக்குப் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் மேடையில் நின்று, இரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் இரும்பை இழுக்கிறது, ஆகவே காந்தம் அணிந்தால் இரத்தத்தில் உள்ள அழுக்குப் பிரிந்து போகிறது என்று சொன்னான். ஒரு தட்டில் குண்டூசிகளைக் கொட்டி, ஒரு காப்பை மேலே பிடித்தான். ஊசிகள் எல்லாம் எழுந்து நின்றன. முன்வரிசையில் கைதட்டினார்கள். கந்தோரில் மந்திரித்த நூல் கட்டிக்கொண்டு வருகிற சக ஊழியரை வருடக்கணக்காகக் கேலி செய்தவன் நான். அன்று வரிசையில் நின்று அந்தக் காப்பை வாங்கினேன். வெள்ளி நிறம், உள்பக்கம் மணி மணியாகக் கறுத்த காந்தங்கள்.

அவளிடம் கொடுக்கும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"இதென்ன?"

"சும்மா போடும். வடிவாக் கிடக்கு."

"வடிவுக்கோ வாங்கினனீங்கள்?"

"இரத்த ஓட்டத்துக்கும் நல்லதாம்."

காப்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். இடது கையில் காப்புப் போடக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்றைய நாட்குறிப்பு இப்படி இருக்கிறது: மழை இல்லை. சுவர் மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்றினேன். மாலை நகரம். அவ்வளவுதான். மாலை நகரம். இருபத்தாறு வருடம் கப்பல்களின் நங்கூரச் சங்கிலி நீளத்தைக்கூட விடாமல் எழுதியவனுக்கு அந்தக் காப்பை எழுத வெட்கம். எழுதாததால் அது என் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததை நான் தேடவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தேகால் மணிக்கு, அவள் குளிக்கப் போனாள். போகமுதல் காப்பைக் கழற்றி, மேசையில் கிடந்த சிலேட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் சிலேட்டுக்குச் சார்ஜ் போட வந்தேன். தேநீர்க் கோப்பை தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன், விழிக்கவில்லை. பழைய குறைதானே என்று இன்னும் நான்கு தரம் அழுத்தினேன். பிறகு, வயரைச் செருக இடைஞ்சலாக இருந்த காப்பைத் தூக்கினேன்.

சிலேட்டு விழித்தது. யாரும் பொத்தானைத் தொடாமல், கண்ணைத் திறப்பது போல, அவள் விட்ட பக்கம் வந்தது.

காப்பை மறுபடி ஓரத்தில் வைத்தேன். கோப்பை. தூக்கினேன். கதை. வைத்தேன். கோப்பை. பதினொரு தரம் செய்து பார்த்தேன். பதினொரு தரமும் ஒரே மாதிரி. என் பதிவேட்டில் இருந்த எந்தச் சோதனையும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. சிலேட்டைக் கையில் எடுத்து, அவள் கட்டிலில் பிடிப்பது போல உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தேன். மணிக்கட்டு சரியாக அந்த ஓரத்துக்கு வந்தது.

குளியலறையில் வாளியிலிருந்து தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிலேட்டின் மேல் இருந்த அருவருப்பு எல்லாம் அப்படியே திரும்பி, அதைப் பிடித்திருந்த கைக்கு வந்தது. உப்புக்காற்று, மெஷின், குளிர், உதவிப் பக்கம், கனடா என்று நான் குற்றம் சாட்டாத ஒன்று மிச்சமில்லை. இரத்தத்தைக் கழுவுகிறவர்களிடம் அவளை அனுப்பிவிட்டு, அங்கே அவளை இருக்கவிடாத சாமானை நானே வாங்கிக் கையில் மாட்டிவிட்டிருந்தேன். மூன்றாவது மணித்தியாலத்தில் அவள் எழுந்து வந்த நாட்களை எண்ணினேன். ஒன்பது. கதிரையில் நிமிர்ந்திருந்து மூச்சுக்குத் தவித்த காலையும் அதற்குள்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யவேண்டியது, குளியலறைக் கதவில் தட்டி விஷயத்தைச் சொல்வது. நான் செய்தது வேறு. காப்பைக் கைக்குட்டையில் சுற்றி, அலுமாரியில் பழைய நாட்குறிப்புகளுக்குப் பின்னால் வைத்தேன். காப்புத் தொலைந்தால் சிலேட்டு சரியாகும். சிலேட்டு சரியானால் அவள் நான்கு மணித்தியாலமும் இருப்பாள். காரணம் யாருக்கும் தெரியத் தேவையில்லை. இப்படி யோசித்தேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"மேசையில காப்பு வச்சனான். கண்டனீங்களோ?"

"இல்லையே."

மேசைக்குக் கீழே பார்த்தாள். குசினியில் பார்த்தாள். தலையணை உறையை உதறினாள். நானும் முழங்காலில் இருந்து, டோர்ச் அடித்து, கட்டிலுக்குக் கீழே தேடினேன். தூசிக்குள் ஒரு பழைய சோக்குத் துண்டு கிடந்தது. அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "இதுதான் கிடந்தது," என்றேன். அதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

திங்கட்கிழமை வாங்கில் இருந்தேன். பத்தரை ஆனது, கதவு திறந்தது, வந்தது ஒரு ட்றொலி. பத்தே முக்கால். பதினொன்று. பதினொன்றரைக்கு மிஸி என்னை உள்ளே கூப்பிட்டா. நான்கு மணித்தியாலமும் முடிந்திருந்தது. அவள் சிலேட்டைப் பிடித்தபடி படுத்திருந்தாள். திரையில் எழுத்து நின்றது. கிண்ணியா மனிதர் தலையை உயர்த்தினார்.

"தம்பி, சிலேட்டு இண்டைக்கு ஒரு சொட்டும் படுக்கல்ல. என்ன செஞ்ச?"

"செற்றிங் ஒண்டு மாத்தினனான்."

"கெட்டிக்காரன் நீ," என்றார். பிறகு அவளிடம், "டீச்சர், இவரயும் அந்தக் கதைக்குள்ள போட்டா ரெண்டாம் அத்தியாயத்துலயே கள்ளனப் புடிச்சிரிப்பாரு," என்றார்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வகுப்பில் யாரோ ஒருவன் பக்கத்தில் இருப்பவனின் பென்சிலை எடுத்துவிட்டு நேரே கரும்பலகையைப் பார்க்கும்போது ஆசிரியைகள் பார்க்கிற பார்வை.

ஓட்டோ துறைமுகப் பக்கத்து வளைவால் திரும்பியபோது கேட்டாள்.

"எந்தச் செற்றிங்?"

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் கோதுமை கொண்டுவந்த கப்பலொன்று மா ஆலைக்கு நேரே நின்றது.

"நான் படிப்பிச்சது மூண்டாம் வகுப்பு," என்றாள். "காப்புத் துலைஞ்சுது. அடுத்த நாள் சிலேட்டின்ர வருத்தமும் துலைஞ்சுது. ரெண்டும் ஒண்டாத் துலைஞ்சா எடுத்தது ஒரே ஆள்தான் எண்டு எங்கட பிள்ளையளுக்கே விளங்கும்."

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு தரம் வைத்துப் பார்த்ததையும், கைக்குட்டையையும், ஒன்பது நாளையும். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டினார். கேட்டிருக்கும்.

"அது ஒண்டும் செய்யாது எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் போட்டனீர்?"

"காலமை எழும்பினா நீங்கள் முதல் பாக்கிறது என்ர கையை. கிடக்குதோ எண்டு. கிடந்தா முகம் கொஞ்சம் தெளியுது." பிறகு, "அதைக் கழட்டி உங்களோட கதைபட எனக்குச் சத்தியில்லை," என்றாள்.

நான் மூச்சு வாங்கிய காலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிற்பாட்டினாள்.

"அதை விடுங்கோ. அந்த மண்டபத்து ஆளுக்கு ஒரு காயிதம் போடுங்கோ. காந்தம் வேலை செய்யுதாம் எண்டு."

ஓட்டோக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

அன்று பிற்பகல் நாட்குறிப்பை எடுத்தேன். போன நாட்களின் பக்கத்தில் நான் எதையும் இடைச்செருகுவதில்லை, அது ஒழுங்கில்லை. ஆகவே அன்றைய திகதியிலேயே எழுதினேன்: காந்தக் காப்பு வாங்கியவன் நான். வாங்கிய மாலை அதை எழுதவில்லை. பிறகு பின்பக்கத்துப் பதிவேட்டில், காந்தம் நீக்கப்பட்டது என்ற வரிக்கு எதிரே, அந்த வரி தவறு என்று குறித்தேன். மையை ஒற்றி மூடினேன்.

காப்பைக் குப்பையில் போட எடுத்தபோது அவள் கேட்டாள், "எங்க கொண்டுபோறீங்கள்?"

"எறிய."

"இஞ்ச தாங்கோ. பொத்தானைத்தான் அந்த ஆளிட்டைக் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்கள். இனி நான் என்னத்தாலை இதைப் படுக்க வைக்கிறது, எழுப்புறது?"

அவள் சொன்னது சரி. பொத்தான் அப்போது ஆறு தரத்துக்கு ஒரு தரம்தான் பிடித்தது. ஆனால் காந்தம் தவறவில்லை. உறையின் மூடியைத் திறந்து மூட ஒற்றைக் கை போதாது, காப்பைத் தூக்கி வைக்கப் போதும். கழற்றி வைத்திருந்த உறையை எடுத்து வந்து, அதன் முதுகில் ஒரு நாடாவைத் தைத்து, காப்பை அதில் தொங்கவிட்டாள். வாசிக்கும்போது அது முதுகுப் பக்கம், கட்டில் விரிப்பில் கிடக்கும். வாசித்து முடிந்ததும் ஓரத்தில் தூக்கி வைப்பாள். வைத்தால் படுக்கும், எடுத்தால் விழிக்கும். அதற்குப் பிறகு இதுவரை ஒரு தரமும் பிழைக்கவில்லை.

அவளுக்கு அது வசதி. எனக்கு அதைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் குமட்டுகிறது. மேடையில் எழுந்து நின்ற குண்டூசிகளும், கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடித்துத் தேடிய நானும் அதில் தொங்குகிறோம். வேறு ஏதாவது காந்தம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். இது நல்லாத்தானே கிடக்கு என்றாள். கேலிக்குச் சொன்னாளா, தண்டனையாகச் சொன்னாளா என்று நான் விசாரிக்கவில்லை.

கதை கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டது. கிண்ணியா மனிதர் இன்னும் டாக்டர் பொம்பிளையைத்தான் சந்தேகிக்கிறார். நான் வாங்கில் இருந்து பத்தரையைக் கடக்கிறேன், பதினொன்றைக் கடக்கிறேன். பதினொன்றரைக்கு உள்ளே போகும்போது மிஸி ஊசியைக் கழற்றத் தயாராக நிற்கிறா. அவள் ஒரு வரியை முடித்துவிட்டு, வலது கையால் காப்பைத் தூக்கிச் சிலேட்டின் ஓரத்தில் வைக்கிறாள். தேநீர்க் கோப்பை வருகிறது, வரவேண்டிய நேரத்தில்.